பட்டியலில் இல்லாத வேட்பாளர்

ஜனாதிபதித் தேர்தலுக்கு நிற்கப் போவதாக அழகையா சொன்னபோது சுசீலா சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் இடத்தில் யார் இருந்தாலும் சிரித்திருப்பார்கள். இருந்தாலும் அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பின்னால் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஜூன் மாதம். மழை பிடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. போர்ட் பிளேயருக்கு வடக்கே, மாயாபந்தரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உள்ளே போனால் சோனாடேரா. அங்கே அங்கன்வாடி டீச்சராக இருந்தாள் சுசீலா. பிள்ளைகளுக்குக் கிச்சடி போட்டுவிட்டு, ஒழுகிய இடத்தில் வாளியை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தபோது அழகையா வாசலில் வந்து நின்றார். குடையை மடக்கி வெளியிலேயே சாய்த்து வைத்தார். அறுபத்தொரு வயது. வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். பாக்குமரத்திலிருந்து விழுந்து முறிந்த கால்.

"டீச்சரம்மா, வோட்டர் லிஸ்ட்ல என் பேர் இருக்கிற பக்கம் ஒரு நகல் வேணும். சும்மா ஜெராக்ஸ் இல்ல. ஆபீசர் கையெழுத்து, சீல் எல்லாம் போட்டது."

சுசீலாதான் அந்த ஊருக்கு பி.எல்.ஓ. வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதும் எடுப்பதும் அங்கன்வாடி வேலையோடு அவள் தலையில் கட்டிய வேலை.

"எதுக்கு அண்ணாச்சி? பேங்குல கேக்காவளா?"

"இல்ல. ஜனாதிபதிக்கு நிக்கப் போறேன்."

அவள் சிரித்து முடிக்கும்வரை அழகையா பொறுமையாக நின்றார்.

"அதுக்கு நாம ஓட்டே போடுறதில்லையே அண்ணாச்சி! பதினோரு வருசமா பி.எல்.ஓ.வா இருக்கேன். அந்தத் தேர்தலுக்குன்னு ஒரு பூத்து போட்டு நான் பாத்ததில்ல."

"தெரியும்மா" என்றபடி அவர் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்தார். எல்லாம் அவர் கையாலேயே எழுதியது. "எம்.பி.மாரும் மாநிலத்து எம்.எல்.ஏ.மாரும்தான் போடுறாங்க. ஜெயிச்சு வந்தவங்க மட்டும். நியமனத்துல வந்தவங்களுக்கு ஓட்டு இல்ல. ஒரு எம்.பி. ஓட்டுக்கு எழுநூறு மதிப்பு. எம்.எல்.ஏ. ஓட்டு மாநிலத்துக்கு மாநிலம் வேற. உ.பி.காரருக்கு இருநூத்தி எட்டு, சிக்கிம்காரருக்கு ஏழு. எழுபத்தொண்ணாம் வருசத்து ஜனத்தொகையை வச்சுக் கணக்கு."

"நமக்கு?"

"நமக்குத்தான் சட்டசபையே இல்லையே. எம்.எல்.ஏ. இருந்தாத்தானே தலையை எண்ணுவாங்க. இந்தத் தீவு பூராவுக்கும் ஒரே எம்.பி., ஒரே ஓட்டு. அதையும் அவர் டில்லியில போய்ப் போட்டுட்டு வந்துருவார்." நோட்டை மூடிவிட்டு, "எழுபத்தொண்ணுல நான் இந்தியாவுலயே இல்ல. ஹட்டன் தோட்டத்துல லயத்து வரிசை வீட்டுல இருந்தேன். எந்த நாட்டுக் கணக்குலயும் நாங்க இல்ல" என்றார்.

அவர் கதை ஊருக்கே தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் பெற்றோரோடு ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, அங்கிருந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர். சுனாமியில் மனைவியைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு கடல் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, சோனாடேராவில் ஓடைக்கு மேலே குடிசை போட்டார். அவரைப் போலவே வந்து சேர்ந்தவர்கள், வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள் எல்லாமாக அங்கே பதினாலு வீடு. காட்டு நிலம் என்பதால் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் கரண்ட் இல்லை.

"பட்டா கேட்டு ஜனாதிபதிக்கே ஆறு தடவை மனு போட்டேன். ஒவ்வொண்ணும் டில்லியிலிருந்து போர்ட் பிளேயருக்கு வரும், அங்கிருந்து மாயாபந்தருக்கு வரும், கடைசியில 'இது காட்டு நிலம்'னு எழுதி என் கைக்கே வந்துரும். மனுவை எதிர்ல உக்காந்து ஒருத்தரும் படிச்சதில்ல. ஆனா வேட்புமனு போட்டா, பரிசீலனை அன்னைக்குப் போட்டவன் உள்ள இருக்கலாமாம். பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. அந்த நேரத்துல ரெண்டு வார்த்தை சொல்லிருவேன்."

"அதுக்கு யாரும் கையெழுத்துப் போட வேண்டாமா?"

"முன்மொழிய அம்பது பேர், வழிமொழிய அம்பது பேர். எல்லாரும் ஓட்டு இருக்கிற எம்.பி., எம்.எல்.ஏ.வா இருக்கணும். எனக்கு எங்க கெடைக்கும்? தள்ளுபடிதான். தள்ளட்டும். ஆளை முன்னால நிறுத்தி வச்சுத் தள்ளட்டும்." டெபாசிட்டுக்குப் பதினாலு வீட்டுக்காரர்களும் சேர்ந்து கொடுத்திருந்தார்கள். போர்ட் பிளேயரிலிருந்து சென்னை போகும் இருபதாம் தேதிக் கப்பலுக்கு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. மனுப் போடக் கடைசி நாள் ஜூன் இருபத்தொன்பது. "இந்த ஒரு காகிதம்தான் பாக்கி" என்றார்.

"நாளைக்கு வாங்க அண்ணாச்சி, எடுத்துத் தாரேன்" என்றாள் சுசீலா. அப்போது அவள் மனதில் கேலி போய், ஒருவித மரியாதை வந்திருந்தது.

அவர் போனதும் பீரோவிலிருந்து பட்டியலை எடுத்தாள். ஓடைக்கு மேல்வீடுகள் கடைசிப் பக்கத்தில் இருந்தன. விரலை வைத்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். அழகையா, தந்தை பெயர் முத்துக்கருப்பன். அதன் குறுக்கே நீக்கப்பட்டதற்கான முத்திரை. ஓரத்தில், நீக்கிய காரணத்தைக் காட்டும் எழுத்து. இறப்பு.

தகப்பன் பெயரை இன்னொரு முறை படித்தாள்.

போன நவம்பர் நினைவுக்கு வந்தது. பட்டியல் திருத்தும் மாதம். மூன்று முறை போயும் அழகையா வீடு பூட்டியிருந்தது. மூன்றாம் முறை அடுத்த வீட்டு ரூபாவிடம் கேட்டாள். வங்காளிப் பெண்ணான ரூபா இடுப்பில் பிள்ளையோடு நின்றபடி, "வோ தோ சலா கயா தீதி. பஹுத் தின் ஹோ கயா" என்றாள். அவர் போய்விட்டார், ரொம்ப நாளாகிவிட்டது. காலை ஒடித்துக்கொண்டு போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரிக்குப் போனதைத்தான் அவள் சொன்னாள். சுசீலா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். எங்கே போனார் என்று இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். மறுநாள் படிவங்களை ஒப்படைக்க வேண்டும், இன்னும் முப்பது வீடு பாக்கி, அட்டைக்கடி வேறு. படிக்கத் தெரியாத ரூபாவிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். பெயர் நீக்கும் நோட்டீஸைப் பூட்டிய கதவில்தான் ஒட்டினாள். மழை அதைக் கரைத்திருக்கும். ஜனவரியில் ஊன்றுகோலோடு அவர் திரும்பி வந்ததைப் பார்த்தாள். அதற்குள் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த கதை அவள் காதுக்கும் வந்திருந்தது; ஆனாலும் அந்தப் படிவம் ஞாபகத்துக்கு வரவில்லை. பிழைத்து வந்தாரே என்று அவரிடம் நலம் விசாரித்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மாயாபந்தர் போனாள். தேர்தல் பிரிவில் ஸ்ரீதர் என்ற கிளார்க் இருந்தார். பழக்கமானவர். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"டீச்சர், செத்தவருக்கு எப்படி நகல் தர்றது?"

"உயிரோட இருக்காரு சார். தப்பு எம் மேலதான்."

"அப்ப ஆறாம் நம்பர் ஃபார்ம்தான். புதுசாச் சேக்கணும். நோட்டீஸ் போடணும், ஆட்சேபணைக்கு நாள் விடணும், நீங்களே வீட்டுக்குப் போய்ப் பாத்து ரிப்போர்ட் எழுதணும். ஒரு மாசம் ஆகும்."

"அவசரம்னா?"

ஸ்ரீதர் யோசித்தார். "இப்படித் தப்பா எடுத்துட்டேன்னு நீங்க இன்னைக்கே எழுதிக் குடுங்க. நான் சாகிப்கிட்ட வைக்கிறேன். அவர் மனசு வச்சா போர்ட் பிளேயர்ல பேசி எதாவது பண்ணலாம். ஆகும்னு சொல்ல மாட்டேன். ஆனா விளக்கம் கேப்பாங்க டீச்சர். உயிரோட இருக்கிறவரை எப்படிச் செத்தார்னு எழுதினீங்க, யார் சாட்சி, எல்லாம் வரும். சாட்சி போட்டவங்களையும் கூப்பிடுவாங்க."

வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். சுசீலா பேனாவைக் கையில் எடுத்தாள். அவள் புருஷன் நாகராஜ் திக்லிபூரில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தான். மழைக்காலத்தில் வேலை இருக்காது. பக்கத்து ஊர் டீச்சர் ஒருத்திக்கு இரண்டு வருடத்துக்கு முன் வேலை போனது அவளுக்குத் தெரியும். அதெல்லாம்கூட இல்லை. ஊர் முன்னால், ஆளைக் கேட்காமல் சாகடித்தவள் என்று நிற்க வேண்டுமே என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

எப்படியும் தள்ளுபடிதானே, அவரே சொன்னாரே என்று தோன்றியது. நூறு கையெழுத்து இல்லாத மனு இந்தக் காகிதம் இருந்தாலும் விழும், இல்லாவிட்டாலும் விழும். பிறகு நிதானமாகப் பெயரைச் சேர்த்துவிடலாம். அவருக்குத் தெரியக்கூட வேண்டாம்.

"நாளைக்கு எழுதிக் குடுக்கேன் சார்" என்றாள். ஆறாம் நம்பர் படிவம் ஒன்றை மட்டும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

நாளை வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. அழகையா தினமும் வாசலில் வந்து நின்றார். முதல் நாள் நெட் இல்லை என்றாள். தீவில் அது நம்பக்கூடிய பேச்சு. இரண்டாம் நாள் ஆபீசர் டூரில் இருக்கிறார் என்றாள். வெள்ளிக்கிழமை, "வோட்டர் கார்டு கையில இருக்குல்லா அண்ணாச்சி? அது போதும். அதுலதான் நம்பர், போட்டோ எல்லாம் இருக்கே" என்றாள்.

"நகல்னுதான் எழுதியிருக்கு."

"ஊருல குடுத்த கார்டைத்தான் அவங்களும் பாப்பாவ. கார்டைக் காட்டுங்க, போதும்."

அவர் ஒரு நிமிடம் அவள் முகத்தைப் பார்த்தார். "நீ சொன்னாச் சரிம்மா. உனக்குத் தெரியாததா" என்று குடையை எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பதினாலு வீட்டு ஆட்களும் பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்தார்கள். ரூபா ஒரு பெரிய பையில் பொரி கட்டிக் கொடுத்தாள். யாரோ அவருக்குப் புதுச் சட்டை கொண்டுவந்திருந்தார்கள். சுனாமிக்குப் பிறகு கடலைப் பார்க்கவே மாட்டேன் என்றிருந்த மனிதர் மூன்று நாள் கப்பலில் போகப் போகிறார் என்பதை எல்லோரும் மெதுவான குரலில் பேசிக்கொண்டார்கள். சுசீலா அங்கன்வாடி ஜன்னலுக்குப் பின்னாலேயே நின்றாள்.

மாத முடிவில் செய்தியில் சொன்னார்கள். நூற்றுக்கு மேல் வேட்புமனு வந்ததாம், இரண்டு பேருடையதைத் தவிர எல்லாம் தள்ளுபடியாம். தள்ளுபடியானவர்களின் பெயரை யாரும் வாசிக்கவில்லை. நான் நினைத்தபடிதானே நடந்தது என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பையில் ஆறாம் நம்பர் படிவம் மடித்தபடியே இருந்தது.

அழகையா ஜூலை பதினெட்டாம் தேதிதான் வந்து சேர்ந்தார். சென்னையில் கப்பல் கிடைக்காமல் பத்து நாள் காத்துக் கிடந்தாராம். அன்றைக்குத்தான் ஓட்டுப்பதிவு. டில்லியில் எம்.பி.க்களுக்குப் பச்சை நிறச் சீட்டு, எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்பு, தேர்தல் கமிஷன் கொடுக்கிற ஊதா மைப் பேனாவால்தான் ஒன்று, இரண்டு என்று எழுத வேண்டும் என்றெல்லாம் டீக்கடை டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சோனாடேராவில் அதைப் பார்க்க யாரும் நிற்கவில்லை. பாக்குத் தோப்பில் தண்ணீர் ஏறியிருந்தது.

அவர் நேராக அங்கன்வாடிக்குத்தான் வந்தார். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அவள் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"டில்லி போன அன்னைக்கே மனுவக் குடுத்தேன். மரியாதையாத்தான் வாங்குனாங்க. நகல் எங்கன்னு கேட்டாங்க. கார்டைக் காமிச்சேன். கார்டு ஆகாது, நகல் இல்லாத மனு பரிசீலனைக்கே போகாது, இங்கயே செல்லாதுன்னுட்டாங்க."

சுசீலா கேட்டாள்: "பரிசீலனைக்கே போகாதா?"

"போகாது. நூறு கையெழுத்து இல்லாதவன் பரிசீலனை வரைக்கும் போவான். நகல் இல்லாதவன் வாசல்லயே நின்னுக்கணும். அதுதான் சட்டமாம்." அவர் குரலில் கோபம் இல்லை. "பாவம், அங்க ஒரு பையன், இருங்க பாபுஜின்னு என் கார்டு நம்பரைப் போட்டுப் பாத்தான். ரெண்டு தடவ பாத்தான். அப்புறம் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினான்."

வெளியே மழை வலுத்தது. அவர் அதற்குமேல் குரலை உயர்த்தாததால் அவள் கிட்டே போய்க் கேட்க வேண்டியிருந்தது.

"பரிசீலனை அன்னைக்கு, முப்பதாம் தேதி, கேட்டுக்கு வெளிய போய் நின்னேன். என்னை மாதிரியே வந்த ஒரு வாத்தியார், பீகார்க்காரர். அவர்கிட்ட நகல் இருந்துச்சு. உள்ள போனார். தள்ளுபடி ஆகித்தான் வந்தார். ஆனா சிரிச்சுக்கிட்டே வந்தார். பேரைக் கூப்பிட்டாங்களாம். அவங்க ஊர்ப் பாலத்தைப் பத்தி நாலு வார்த்தை சொன்னாராம். கேட்டுக்கிட்டாங்களாம்." பிறகு கேட்டார். "நீதானேம்மா எழுதுனது?"

"நான்தான் அண்ணாச்சி."

"போறதுக்கு முன்னாலயே தெரியுமா?"

பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. அவள் சொல்லவில்லை. "நீங்க வந்து கேட்ட அன்னைக்கே தெரியும்" என்றவள் ரூபா சொன்னது, ஸ்ரீதர் நகர்த்திய வெள்ளைத்தாள், தான் எழுதாமல் வந்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "எப்படியும் தள்ளுபடிதானேன்னு நினைச்சிட்டேன். நேரமும் இல்ல, கெடைச்சிருக்குமோ என்னவோ" என்று முடித்தபோது அவளுக்கே அது கேவலமாக ஒலித்தது.

"கெடைக்காமப் போயிருக்கலாம்" என்றார் அழகையா. "அதை நீ எங்கிட்ட சொல்லியிருக்கணும். நான் மாயாபந்தர்ல போய் அந்த ஆபீஸ் வாசல்ல உக்காந்திருப்பேன். உயிரோட இருக்கேன் பாருங்கன்னு. கெடைக்கலேன்னா பதினாலு வீட்டுப் பணத்தைத் தூக்கிக்கிட்டு அந்தக் கடலைத் தாண்டியிருக்க மாட்டேன். மூணு நாளும் நான் கீழ் அறையை விட்டு வெளிய வரல, தெரியுமா? சத்தம் கேக்காம இருக்க துணியை வச்சுக் காதை அடைச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

சுசீலா அழுதாள். அவர் ஆறுதல் சொல்லவும் இல்லை, போகவும் இல்லை. ஒரு பிள்ளை விழித்து அவளைப் பார்த்துத் தானும் அழ ஆரம்பித்தது.

அவள் பையைத் திறந்து படிவத்தை எடுத்தாள். "இப்பவே எழுதிருவோம் அண்ணாச்சி. நானே கொண்டுபோய்க் குடுக்கேன்."

"எழுது" என்றார். பெயர், தகப்பன் பெயர், வயது, வீடு இருக்கும் இடம் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். இத்தனை வருடம் தெரிந்த மனிதரிடம் முன்பின் தெரியாதவரைப் போலக் கேட்க வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். மறுநாள் அவள் மாயாபந்தர் போய், படிவத்தோடு தன் தவறையும் எழுதிக் கொடுத்தாள். ரூபாவின் மேல் எந்தப் பிழையும் இல்லை என்று தனி வரியாக எழுதினாள்.

விளக்கம் கேட்டார்கள். எச்சரிக்கை கொடுத்தார்கள். வேலை போகவில்லை; அவ்வளவு பயந்த விஷயம் ஒரு பக்கத் தாளோடு முடிந்துபோனது. பி.எல்.ஓ. பொறுப்பிலிருந்து விடுவிக்கும்படி அவளே கேட்டாள். வேறு ஆள் இல்லை என்றார்கள். புது ஜனாதிபதி பதவியேற்றதை ஊரில் சிலர் போனில் பார்த்தார்கள். ஓடைக்கு மேல்வீடுகளில் போன் சார்ஜ் போடக் கீழே வர வேண்டும்.

சரிபார்ப்புக்கு அவள் போனபோது விஷயம் அந்த வீடுகளுக்கெல்லாம் தெரிந்திருந்தது. ரூபா முகம் கொடுக்கவில்லை. எப்போதும் கிடைக்கும் தண்ணீரும் கிடைக்கவில்லை. அழகையா வாசலில் வந்து நின்று, கேட்டதற்குப் பதில் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டார். அவருடைய பழைய மனுக்களின் கட்டு வாசல் ஓரத்தில் நனைந்து கிடந்தது. அவர் ஏழாவது மனு எழுதவே இல்லை என்று பின்னால் தெரிந்தது.

ஜனவரிப் பட்டியலில் அவர் பெயர் கடைசிக்கு முந்திய வரியில் அச்சாகி வந்தது. அதை அவரிடம் காட்ட சுசீலா இரண்டு முறை கிளம்பி, இரண்டு முறையும் ஓடைக்கரையோடு திரும்பினாள். விஷயம் தெரிந்த கையோடு, அந்த மழைக்காலத்திலேயே, மேல்வீட்டுப் பெண்கள் பிள்ளைகளை அங்கன்வாடிக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். பத்து நாள் கழித்து ஒவ்வொருவராக அனுப்பினார்கள். அனுப்ப வேறு இடம் இல்லை. பிள்ளைகளை வாசலில் விட்டுவிட்டு, அவளோடு ஒரு வார்த்தை பேசாமல், மழையில் திரும்பி நடந்தார்கள்.